ரெண்டு கிரெடிட்டும் ஒரு கட்டு ஜாப் கார்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். வெட்டுவது எங்கள் தொழிலிலும் உண்டு.

போன ஏப்ரல் கடைசியில் பி.காம். இரண்டாம் ஆண்டு பரீட்சை எழுதி முடித்த ஒரு பிள்ளை தன் அப்பாவோடு அச்சகத்துக்கு வந்தது. அப்பா எங்களுக்கு அட்டைப்பெட்டி ஒட்டித் தருகிறவர், பல வருடப் பழக்கம். "எனக்கு ரெண்டு கிரெடிட் வேணும் சார்" என்றது அந்தப் பிள்ளை. எங்கள் ஊரில் கிரெடிட் என்றால் கடன். தொண்ணூறு நாள் கிரெடிட், நூற்றிருபது நாள் கிரெடிட், "தீபாவளி கழியட்டும் அண்ணாச்சி" என்கிற கிரெடிட். மனுஷன் ஏதோ பணமுடையில் பிள்ளையைப் பேச விட்டுவிட்டு நிற்கிறார் என்று நினைத்து மேசை டிராயரைக்கூடத் திறந்துவிட்டேன். கேட்டது பணம் இல்லை, படிப்புக் கணக்கு என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது.

இரண்டாம் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் நடுவில் வருகிற கோடை விடுமுறையில் தொழில் பயிற்சிக்குப் போய் வந்தால் 2 கிரெடிட் என்று தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பிலும் இன்டர்ன்ஷிப் உண்டு. பிள்ளைகள் எங்கெல்லாம் போகலாம் என்று அதில் ஒரு வரிசையே இருக்கிறது: உள்ளூர்த் தொழில், வணிக நிறுவனம், ஊராட்சி, நகராட்சி, ஊடகம், கலைஞர், கைவினைஞர் என்று நீள்கிறது. அந்தப் பிள்ளைதான் போனில் எடுத்துக் காட்டியது. கைவினைஞருக்கே இடம் இருக்கும்போது ரெண்டு கலர் மெஷின் வைத்திருக்கிற எனக்கு இல்லாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன். தேசியக் கல்விக் கொள்கை வேண்டும், வேண்டாம் என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாநிலக் காகிதமும் மத்தியக் காகிதமும் ஒன்றையேதான் சொல்கின்றன.

மறுநாளில் இருந்து வரச் சொன்னேன். பதினைந்து நாள், நாளைக்கு ஆறு மணி நேரம். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் ஒரு நிமிடம் இருக்கக் கூடாது, டவுன் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அதன் அம்மா கேட்டுக்கொண்டார். சரிதான் என்றேன்.

பழைய பில் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னேன். எனக்கு அது வேலை. அதற்குப் பாடம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, "சார், நோட்டீஸ் அடிச்ச பில்லு சிலதுல கவர் பில்லுக்குப் போடுற ஜிஎஸ்டி கோடு நம்பர் இருக்கே, ஏன்?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. பல வருடமாக முந்தின பில்லைப் பார்த்து அடுத்த பில் போடுகிறோம், அவ்வளவுதான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டு மறுநாள் விஷயத்தோடு வந்தது. பார்ட்டி மேட்டர் கொடுத்து, நம் தாளில் நோட்டீஸ், புத்தகம், ஆண்டறிக்கை அடித்துக் கொடுத்தால் ஜிஎஸ்டி கணக்கில் அது சேவை. அதே பார்ட்டி பெயரைப் போட்டுக் கவரோ பெட்டியோ அடித்துக் கொடுத்தால் அது சரக்கு. 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒரே மெஷின், ஒரே மை, ஒரே ஆள். நோட்டீஸ் சேவை, கவர் சரக்கு! ஆடிட்டருக்குப் போன் போட்டேன். "பாப்பா சொல்றது கரெக்ட்தான்" என்றார். பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் பாக்கிப் பட்டியல் போட்டது. என்னிடம் பாக்கிக்கு ஒரு நோட்டு உண்டு, பார்ட்டி பெயர், தொகை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதை எக்செலில் நாள் கணக்காகப் பிரித்தது: 15 நாளுக்குள், 45 நாளுக்குள், அதற்கு மேல். ஏன் இந்த 15, 45 என்றேன். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ளும் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறதாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள்: கெடு தாண்டினால், பணத்தைக் கொடுத்து முடிக்கிற வருடம் வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. "உங்க உத்யம் நம்பரை பில்லுல போட்டாத்தானே சார் அவங்களுக்குத் தெரியும்?" என்றது. 2020இல் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்ததும் நானும் செய்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன். பில்லில் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்தோம். நாள் கடந்த பதினோரு பார்ட்டிகளுக்குக் கடிதம் எழுதியது, மரியாதையாக, ஒன்றரைப் பக்கம். ரெண்டு பேர் அடுத்த மாதமே பணம் அனுப்பினார்கள். ஒன்பது பேர் அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வாரத்தில் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்துவிட்டது. மெஷின்மேன், பைண்டிங் பெண்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஜூனில் கல்லூரி திறந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை தான் எழுதிய ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து நின்றது. கல்லூரியில் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லூரிப் பெயரை எழுத வேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. படிவத்தைக் காட்டியது. நிறுவனத்தின் இணையதள முகவரி என்று ஒரு கட்டம்: எங்களுக்குக் கிடையாது. பணியாளர் எண்ணிக்கை: ஒன்பது என்று எழுதியதைப் பேனாவில் சுழித்திருந்தார்கள். கீழே எச்.ஆர். மேனேஜர் கையெழுத்து, முத்திரை. எங்கள் பிரஸ்ஸில் எச்.ஆர். என்றால் என் மனைவிதான். சனிக்கிழமை சம்பளக் கவர் போடுவது, யாருக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று ஞாபகம் வைத்திருப்பது, மெஷின்மேன் ரெண்டு நாள் வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போன் போட்டு "மதினி பேசுறேன், காய்ச்சல் எப்படி இருக்கு" என்று கேட்பது எல்லாம் அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். முத்திரை இல்லை என்று அதையும் சுழித்திருந்தார்கள்.

இதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தபடியே 999 ரூபாய் கட்டி ஒரு 'முப்பது நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் வாங்கியிருக்கிறது. வீடியோ நாலைந்து பார்த்ததாம், கேள்விக்குப் பதில் டிக் அடித்ததாம். சான்றிதழில் தங்கக் கரை, க்யூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் இணையதளம், எச்.ஆர். மேனேஜர் கையெழுத்து எல்லாம் இருந்தது. 2 கிரெடிட் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தது. தொழில்காரன் என்கிற முறையில் அந்தச் சான்றிதழை வாங்கித் தடவிப் பார்த்தேன். 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, லேமினேஷன் செய்தது. ஐம்பது எடுத்தால் ஒன்று இருபது ரூபாய்க்குள் நானே அடித்துக் கொடுப்பேன்.

முப்பது மணி நேரம் உழைத்தால் ஒரு கிரெடிட் என்று 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு சொல்கிறது. பதினைந்து நாள், ஆறு மணி நேரம், ஆக 90 மணி. அந்தக் கணக்குப்படி மூன்று கிரெடிட் வர வேண்டும். கிடைத்தது பூஜ்யம். எங்கள் ஊர்க் கிரெடிட்டாவது தீபாவளி கழிந்து வரும்.

இன்னொரு பையன் கதையும் உண்டு. 2024 கோடையில் வந்தான், பி.எஸ்சி. கணிதம். எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு முப்பது வருட அனுபவம், படிப்பு எட்டாம் வகுப்பு. தாள் வண்டி வந்து இறங்கினால் அளவைக் கேட்டதுமே ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீம் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பையனுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்: "அங்குலத்துல நீளத்தையும் அகலத்தையும் பெருக்கு. அதை ஜிஎஸ்எம்மால பெருக்கு. 3100ஆல வகு. ஐந்நூறு தாளோட வெயிட்டு வந்துரும்." 23க்கு 36 தாள், 60 ஜிஎஸ்எம். பெருக்கினால் 49,680. 3100ஆல் வகுத்தால் பதினாறு கிலோ, கொசுறாகக் கொஞ்சம் கிராம்.

"3100 எங்க இருந்துண்ணே வந்துச்சு?"

"எங்க பழைய முதலாளி சொல்லிக் கொடுத்தாரு."

"அவருக்கு?"

"அவரோட முதலாளி."

பையன் ஒரு வேஸ்ட் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தான். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஒரு மீட்டர் 39.37 அங்குலம், அப்படியானால் ஒரு சதுர மீட்டர் 1550 சதுர அங்குலம். கிராமைக் கிலோ ஆக்க ஆயிரத்தால் வகுக்கணும், ரீமுக்கு ஐந்நூறால் பெருக்கணும். ரெண்டும் சேர்ந்தால் ரெண்டால் வகுப்பது. 1550ஐ ரெண்டால் பெருக்கு: 3100. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பது வருடமாகத் தினமும் வாயில் வந்த எண்ணுக்கு அன்றைக்குத்தான் அவருக்கு அர்த்தம் கிடைத்தது. அந்த வேஸ்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீக்கடையிலும் விளக்கிச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பையன் அதோடு விடவில்லை. அன்றைக்கு இறங்கியிருந்த நூறு ரீமில் அங்கங்கே ஐந்து ரீமை எடுத்துத் தராசில் வைத்தான். சராசரி 15 கிலோ 200 கிராம். கணக்கைத் திருப்பிப் போட்டால் 57 ஜிஎஸ்எம் தாள்தான் வருகிறது, பில்லில் 60. ரீம் விலை பேசி வாங்கியது, நூறு ரீமுக்கு 80 கிலோ எனக்குப் போச்சு. தாள் அனுப்பியவரிடம் பேசினேன், அடுத்த லோடில் சரிக்கட்டினார். இந்தப் பையன் ரிப்போர்ட்டுக்குக் கல்லூரியில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'பாடத்துக்குத் தொடர்பில்லாத நிறுவனம்.' கணிதத்துக்கும் அச்சகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராம் துறைத் தலைவர்.

எங்கள் ஊர்த் தொழிலே எப்படி வந்தது? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923இல் இங்கே தீப்பெட்டி ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கும் அப்புறம் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் வளர்ந்தது. அவர்கள் கல்கத்தாவில் எச்.ஆர். கையெழுத்து வாங்கி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, கல்லூரித் தரப்பையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் பேராசிரியை ஒருவரோடு போனில் பேசினேன். நல்ல மனுஷி. "அண்ணாச்சி, உங்க பிரஸ்ஸை ஏத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு மாமா கடை, சித்தப்பா கடைனு லெட்டர் கொண்டு வருவாங்க. கடைக்கே போகாம லெட்டர் மட்டும் வரும். அறுபது பிள்ளைங்களுக்கு நான் ஒருத்தி, எத்தனை கடைக்கு நேர்ல போக முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லெட்டர்பேடு அடித்துக் கொடுக்கிறவன் நான், அதன் மதிப்பு எனக்குத் தெரியாதா? ஆனால் அதே சந்தேகம் 999 ரூபாய்ச் சான்றிதழ் மேல் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அதுல வெரிஃபை பண்ண லிங்க் இருக்கு" என்றார். லிங்க் வைத்திருப்பதும் அந்தச் சான்றிதழை விற்றவர்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்கும் புரியுது, ஃபார்மை நான் டிசைன் பண்ணலையே" என்றார்.

எங்கள் பக்கத் தப்பையும் மறைக்கக் கூடாது. 2018இல் ஒரு பையன் விடுமுறைக்கு வேலை கற்றுக்கொள்கிறேன் என்று வந்தான். அப்போது காலண்டர் சீசன் உச்சம். அவனைத் தினசரி காலண்டர் கட்டு எண்ணவும், தகரம் அடித்த அட்டைகளை அடுக்கவும் நிறுத்திவிட்டேன். காலையில் இருந்து ராத்திரி வரை எண்ணினான். ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாள் அவன் அப்பா வந்து, "எண்ணுறதுக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை போதுமே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சீசனில் கூலி மிச்சம் பார்க்கிற புத்தி எல்லா முதலாளிக்கும் வரும். ஆகவே என் மாதிரி ஆள் சொல்வதை மட்டும் நம்பிக் கிரெடிட் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒரு மஞ்சள் அட்டையைப் பற்றி. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. ஆர்டர் எடுத்ததில் இருந்து டெலிவரி வரை வேலையோடு சேர்ந்தே போகும். பார்ட்டி யார், தாள் என்ன அளவு, எத்தனை ஜிஎஸ்எம், அச்சுக்கான பிளேட் எந்தத் தேதி வந்தது, எத்தனை இம்ப்ரெஷன் ஓடியது, எத்தனை தாள் வேஸ்ட், கட்டிங் யார், பைண்டிங் யார், சலான் நம்பர் என்ன, எல்லாம் அதில் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு பேனாவில், மைக்கறையோடு இருக்கும். மெஷின்மேன் எழுதியதைக் கட்டிங் மாஸ்டர் மாற்ற முடியாது. மாற்றினால் மறுநாள் சண்டை வரும். இந்தக் கார்டில் 'பயிற்சி மாணவர்' என்று ஒரு கட்டம் போன வருடமே சேர்த்து அடித்துவிட்டேன். அந்தப் பிள்ளை கைபட்ட வேலைக்கெல்லாம் அதன் பெயரும், செய்தது என்ன என்று ஒரு வரியும், நேரமும் அதில் இருக்கின்றன. இதைப் பொய்யாகத் தயாரிப்பதை விட நிஜமாக வேலைக்கு வந்துவிட்டுப் போவது சுலபம்.

எல்லாக் கடையிலும் மஞ்சள் அட்டை இருக்காது. ஆனால் வேலை நடந்தால் ஏதோ ஒரு தடம் இருக்கும். விருதுநகர் வத்தல் கமிஷன் மண்டியில் விற்பனைக் குறிப்பு இருக்கும், பொருளியல் படிக்கிற பிள்ளை ஒரு மாத விலை ஏற்ற இறக்கத்தை அதில் இருந்தே எடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் எந்தத் தேதிப் பால், எந்த அடுப்பு, எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கு இருக்கும், நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைக்கு அதைவிட என்ன லேப் வேண்டும்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் பாவு, ஊடை, குறை என்று நோட்டு இருக்கும். அந்தத் தடத்தை மாணவர் நகலெடுத்து வரட்டும். ஆசிரியர் கடைக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, கால் மணி நேரம் எதிரே உட்கார வைத்து, "இந்த வேலையில் வேஸ்ட் ஏன் இவ்வளவு போனது?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். போனவனுக்குப் பதில் தெரியும். போகாதவன் விழிப்பான். அதற்கு லிங்க் தேவையில்லை.

நிறுவனம் நிஜம்தானா என்கிற சந்தேகத்துக்கு உத்யம் நம்பர் போதும். மாவட்டத்துக்கு ஒரு தொழில் மையம் இருக்கிறது. பிள்ளைகளை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற சிறு தொழில்களை அவர்கள் ஒரு பட்டியலாகப் போட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். ஒரு நிபந்தனையையும் நானே சொல்கிறேன்: பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிள்ளை கையில் இருந்து நிறுவனத்துக்குப் பணம் போனால் கிரெடிட் கிடையாது என்று எழுதிவிடுங்கள். நான் அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு 250 ரூபாயும் பஸ் காசும் கொடுத்தேன். பெரிய தொகை இல்லை, ஆனால் போன பக்கம் சரி.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2024இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது. அது 500 பெரிய கம்பெனிகளுக்கானது, தொடங்கியபோது வைத்த விதிப்படி ரெகுலராகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதில் சேரவும் முடியவில்லை. தொழில் பழகுநர் சட்டம் முப்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவரைக் கட்டாயப்படுத்துகிறது, நாலு பேரில் இருந்து விருப்பப்பட்டால் சேரலாம் என்கிறது. 2022இல் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே திறன் வகுப்பு நடக்கிறது, நல்ல விஷயம். என் மூத்த மகள் இன்ஜினீயரிங் படிக்கும்போது சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு மாதம் போனாள். ஏசி அறையில் உட்கார வைத்து ஸ்லைடு போட்டுக் காட்டினார்களாம். கேன்டீன் நன்றாக இருந்தது என்றாள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில்தான் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். என் மாதிரி காலண்டரை நம்பியிருக்கிற சின்ன அச்சகத்தில் மே மாதம் மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் போட்டுப் பூஜை முடிந்த பிறகுதான் ஆர்டர் வரத் தொடங்கும். அதில் இருந்து மார்கழி வரை தூக்கம் கிடையாது. ஒரு பிள்ளை புரட்டாசியில் இருந்து கார்த்திகைக்குள் பத்து சனிக்கிழமை, ஆறு மணி நேரம் வந்தால் 60 மணி ஆகிவிடுகிறது, ரெண்டு கிரெடிட். வேலை உயிரோடு நடக்கிற நேரத்தில் பார்க்கும். 'தொடர்ச்சியாக இத்தனை நாள்' என்று ஒரு வரி படிவத்தில் இருப்பதால் இது முடியாமல் போகிறது.

பாதுகாப்புக்கும் படிவத்தில் இடமே இல்லை, அது ஆச்சரியம். இணையதளம் கேட்கிற காகிதம், பிள்ளை எந்த மெஷினைத் தொடலாம் என்று கேட்கவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு இடது மோதிர விரலில் ஒரு கணு கிடையாது. வயசுப் பருவத்தில், பழைய மெஷினில் போனது. எந்த மாணவரும் கட்டிங் மெஷினுக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதே சிவகாசியில் பட்டாசு ஆலையின் வேலைக்கொட்டகைக்குள் பயிற்சி என்று யாரும் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. கணக்கு எழுத வேண்டுமென்றால் ஊருக்குள் இருக்கிற ஆபீஸோடு சரி. இதைப் படிவத்தில் முதல் கட்டமாகப் போடுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வருடம். கிரெடிட் குறையக் கூடாது என்று ஐப்பசி லீவில் வேறு எங்காவது போய்ச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்களாம். 999 கட்டிவிடலாமா என்று அதன் அப்பா என்னிடம் கேட்டார். கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அதன் பெயர் எழுதிய ஜாப் கார்டு மொத்தம் 17. ரப்பர் பேண்டு போட்டு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பதினோரு கடிதத்தின் நகலும், பதில் வந்த ரெண்டும் கூடவே இருக்கின்றன. கல்லூரியில் இருந்தோ பல்கலைக்கழகத்தில் இருந்தோ யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன். ஞாயிறு லீவு. மற்ற நாளில் காலை ஒன்பதில் இருந்து இருப்பேன். நான் இல்லாவிட்டால் எச்.ஆர். இருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு சிறு அச்சக உரிமையாளர்,
சிவகாசி.